நோ சிக்னல்னு சொல்ற மானிட்டர் செத்துப் போகல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல கம்ப்யூட்டர் கேள்வி பதில்ல ராஜபாளையத்துல இருந்து ஒருத்தர் கேட்டிருந்தாரு. கம்ப்யூட்டர ஆன் பண்ணா கம்பெனி லோகோ வருது, அப்புறம் ஸ்கிரீன் இருட்டாகி நோ சிக்னல்னு வருது, என்ன பண்றதுன்னு. அதுக்கு நீங்க போட்ட பதில் ஒன்றரை வரி. மானிட்டர் பழுதாகியிருக்கும், புதிது மாற்றிப் பாருங்கள். அவ்வளவுதான். அதைப் படிச்சதுல இருந்து எனக்கு மனசே கேக்கல, ஏன்னா அதே லோகோ, அதே இருட்டு, அதே பதில் எல்லாம் எனக்கு நடந்து இன்னும் கொஞ்ச நாள் கூட ஆகல, நானும் புது மானிட்டருக்கு காச எண்ணி எடுத்து வச்சுட்டு கடைசி நேரத்துல தப்பிச்சவ.

நான் கோவில்பட்டில பஸ் ஸ்டாண்ட் பக்கம் சின்னதா ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன். ஜெராக்ஸ்னு போர்டு இருந்தாலும் ஜெராக்ஸ்ல எங்க காசு, ஆன்லைன்ல பட்டா எடுக்கிறது, சர்ட்டிபிகேட்டுக்கு அப்ளிகேஷன் போடுறது, கல்யாணப் பத்திரிகை டிசைன், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இதுலதான் கடை ஓடுது. ரெண்டு கம்ப்யூட்டர். ஒன்னு பழசு. இன்னொன்னு போன வருசம் அசெம்பிள் பண்ணது, விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடியுதுன்னு எல்லாரும் பயமுறுத்துனதுல வாங்குனது. மெஷின் புதுசு, ஆனா மானிட்டர் பழசேதான், 22 இஞ்ச், பின்னாடி படத்துக்கான ஒயர் மாட்ட விஜிஏங்கிற பழைய வகை ஓட்டை மட்டும்தான் இருக்கு, புது மெஷின்ல விஜிஏ கிடையாது, எச்டிஎம்ஐங்கிற புது வகைதான். அதனால நடுவுல ஒரு கன்வெர்ட்டர் போட்டுக் குடுத்தாங்க, சுண்டுவிரல் நீளத்துக்கு கருப்பா ஒரு டப்பா. அந்த டப்பாவ ஞாபகத்துல வச்சுக்கோங்க.

போகிக்கு கடைய சுத்தம் பண்ணோம். டேபிள இழுத்து, ஒட்டடை அடிச்சு, ஒயர் எல்லாத்தையும் கழட்டி துடைச்சு திரும்ப மாட்டுனோம். பொங்கல் முடிஞ்சு கடைய திறந்து புது மெஷின ஆன் பண்ணா லோகோ வருது, கீழ புள்ளி புள்ளியா வட்டம் சுத்துது, உள்ள போகப் போற நேரத்துல பட்டுனு இருட்டு. ஒரு சின்ன கட்டம் மட்டும் நோ சிக்னல்னு ஸ்கிரீன்ல அங்கயும் இங்கயும் மெதந்துக்கிட்டு இருக்கு, அப்புறம் அதுவும் போயி பட்டன் லைட்டு நீலத்துல இருந்து ஆரஞ்சுக்கு மாறிடுச்சு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன், அதே கதை. அன்னைக்கு பாத்து கழுகுமலைல இருந்து ஒரு பொண்ணு மஞ்சப்பைல சர்ட்டிபிகேட் எல்லாம் வச்சுக்கிட்டு வந்து நிக்குது, ஏதோ பரீட்சைக்கு அப்ளிகேஷன் போட அன்னைக்குத்தான் கடைசி நாளு. பழைய கம்ப்யூட்டர்ல அந்த சைட்டே திறக்கல. அக்கா வந்துருமாக்கா வந்துருமாக்கான்னு அது கேக்க கேக்க எனக்கு கை நடுங்குது. கடைசில எதுத்த கடைக்கு நானே கூட்டிட்டுப் போயி உக்கார வச்சுட்டு வந்தேன்.

சர்வீஸ் கடைக்கு போன் பண்ணா, லோகோவுக்கு அப்புறம் போகுதாக்கா, அப்ப மானிட்டர் போர்டுதான், கொண்டாங்கன்னாங்க. டிவிஎஸ் பிஃப்டில முன்னாடி வச்சு கொண்டு போயி குடுத்தாரு எங்க வீட்டுக்காரர். ரெண்டு நாள் வச்சிருந்தாங்க. போர்டு மாத்த 1,800, ஆனா பழசுக்கு செலவழிக்கிறதுக்கு புதுசே 7,500-ல வாங்கிடலாம்னு சொன்னாங்க. சரின்னு நானும் போனேன், அந்த 7,500 கைல. போன இடத்துல வேலைக்கு இருந்த பையன் ஒருத்தன், பாவம் விவரம் தெரியாதவன், பாருங்கக்கான்னு என் மானிட்டர அவங்க மெஷின்ல மாட்டி காட்டுறான், அது என்னடான்னா கண்ணாடி மாதிரி படம் காட்டுது. அரை மணி நேரம் நின்னு பாத்தேன், ஒரு இமை கொட்டல. உடனே ஓனரு, அப்ப உங்க மெஷினுக்குள்ள இருக்குற பெரிய போர்டு, மதர்போர்டுதான் போயிருக்கும் அதக் கொண்டாங்கன்னாரு. செக்கிங் சார்ஜ் 300 ரூபா வேற. குடுத்துட்டு மானிட்டர தூக்கிட்டு வந்துட்டேன். கடை பேரு வேண்டாம், அவங்களும் பொழைக்கணும், ஆனா எழுதின பில்லு மட்டும் தரவே இல்ல, அத கேக்காம விட்டது என் தப்பு. உங்க வாசகர்களுக்கு இதுமாதிரி ஆனா என்ன பழுது, என்ன மாத்துனோம்னு எழுதி வாங்கச் சொல்லுங்க, ஏமாத்திட்டாங்கன்னு தோணுனா 1915-க்கு போன் பண்ணி புகார் சொல்லலாம், அது தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்.

ராத்திரி மதுரைல ஹார்டுவேர் வேலை பாக்குற என் தம்பி மகனுக்கு போன் போட்டேன். அவன் முதல்ல சிரிச்சான். அத்தை, நோ சிக்னல்னு யாரு எழுதுறா, கம்ப்யூட்டரா மானிட்டரான்னான். மானிட்டர்தான்டான்னேன். அப்ப மானிட்டருக்கு கரண்டு வருது, பின்னாடி லைட்டு எரியுது, எழுத்து எழுதத் தெரியுது, எனக்கு சாப்பாடு வரலன்னு அது வாய் திறந்து சொல்லுது, அதப் போயி செத்துப் போச்சுன்னு சொல்றீங்களேன்னான். ஆசிரியர் அவர்களே, நீங்க அந்த ராஜபாளையத்துக்காரருக்கு சொல்லியிருக்க வேண்டிய முதல் வரி இதுதான்னு நான் நினைக்கிறேன். உண்மையிலேயே மானிட்டர் போறது வேற மாதிரி இருக்கும். பட்டன் லைட்டே வராது, இல்ல டிக் டிக்குனு சத்தம் வரும், இல்ல பட்டன் லைட்டு எரியும் ஆனா ஸ்கிரீன் கன்னங்கரேல்னு இருக்கும். அப்ப ரூம இருட்டாக்கிட்டு செல்போன் டார்ச்ச ஸ்கிரீனுக்கு ஒட்டி சாய்ச்சு அடிச்சுப் பாத்தா மங்கலா படம் தெரியும், அப்படி தெரிஞ்சா பேக்லைட், அதான் ஸ்கிரீனுக்குப் பின்னாடி எரியுற லைட்டு, போயிருச்சுன்னு அர்த்தம். அதுக்காக மானிட்டர வீட்டுல யாரும் திறந்துராதீங்க, உள்ள பவர் போர்டுல இருக்குற கெபாசிட்டர் பிளக்க பிடுங்குன பிறகும் கரண்ட வச்சிருக்கும்.

அடுத்து அவன் கேட்டது, எந்த நேரத்துல அத்தை போகுது, எண்ணுங்கன்னு. இது எனக்கு ரொம்ப பிடிச்சுப் போச்சு. போன காதுல வச்சுக்கிட்டே ஆன் பண்ணி ஒன்னு ரெண்டு மூனுன்னு எண்ணுனேன், பதினாலுல போச்சு. திரும்ப பண்ணேன், பதினாலுதான். இப்ப கேப்ஸ் லாக் அழுத்துங்கன்னான், கீபோர்டுல லைட்டு எரிஞ்சு அணையுது. ஸ்பீக்கர் மாட்டியிருந்தேன், இருட்டுக்குள்ள விண்டோஸ் வர்ற சத்தமும் கேக்குது. அப்ப மெஷின் உயிரோட இருக்கு, மானிட்டரும் உயிரோட இருக்கு. ரெண்டும் பேசிக்கத்தான் மாட்டேங்குதுன்னான்.

கொஞ்சம் விளக்கமா எழுதுறேன், நான் இத கத்துக்கிட்டதே இப்பத்தான், அதனால எனக்கு புரிஞ்ச மாதிரியே சொல்றேன். லோகோ வர்ற நேரத்துல படம் காட்டுறது மதர்போர்டுல இருக்குற பயாஸ், ஆன் பண்ண உடனே முதல்ல ஓடுற சின்ன புரோகிராம். அதுக்கு டிரைவர், அதாவது விண்டோஸ் படம் காட்ட உதவுற புரோகிராம், கிடையாது, சும்மா அடிப்படையா ஒரு படம் குடுக்கும், சில மெஷின்ல அது சின்ன சைஸ்தான், 640-க்கு 480 மாதிரி. விண்டோஸ் உள்ள வந்ததும் டிஸ்ப்ளே டிரைவர் பொறுப்ப எடுத்துக்குது, அந்த நிமிசம் படத்தோட சைஸும் வேகமும் மாறுது. ஸ்கிரீன் போற நேரம் இந்த கை மாறுற நேரம்னா, சந்தேகப்பட வேண்டியது டிரைவர், ரெசல்யூஷன் (படத்துல எத்தன புள்ளி), ரெஃப்ரெஷ் ரேட் (செகண்டுக்கு எத்தன தடவ படம் மாறுது), கேபிள், இந்த நாலத்தான். லோகோவே வரலன்னா அது வேற கதை, ரேம், தப்பான போர்ட், பவர் சப்ளைன்னு போகும். விண்டோஸ் எல்லாம் வந்து அரை மணி நேரம் கழிச்சு போகுதுன்னா சூடு, இல்ல லூஸ் கனெக்சன். எந்த நேரத்துல போகுதுன்னு தெரியாம பதில் சொல்றது, வயித்துவலின்னு சொன்ன உடனே ஆபரேசன்னு சொல்ற மாதிரி.

டிரைவரா இல்லையான்னு பாக்க என்ன பண்ணோம்னா, விண்டோஸ் கீ, கன்ட்ரோல், ஷிஃப்ட் மூனையும் பிடிச்சுக்கிட்டு பி (B) அழுத்துனோம், டிஸ்ப்ளே டிரைவர் திரும்ப ஸ்டார்ட் ஆகும், சின்னதா ஒரு பீப் சத்தம் வரும். பீப் வந்துச்சு, படம் வரல. அடுத்து லோகோ முடிஞ்சு வட்டம் சுத்துற நேரத்துல பவர் பட்டன அழுத்திப் பிடிச்சு ஆஃப் பண்ணி, இதே மாதிரி மூனு தடவ பண்ணா விண்டோஸ் தானா ரிப்பேர் பக்கத்துக்கு போயிரும், அங்க ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட். அப்புறம் ஒரு லிஸ்ட் வரும், அதுல 3 அழுத்துனா குறைஞ்ச ரெசல்யூஷன்ல வரும், 4 சேஃப் மோடு. அப்டேட் ஓடிக்கிட்டு இருக்கும்போது மட்டும் இத செஞ்சுறாதீங்க. நான் 3 அழுத்துனேன். வந்துருச்சு! எழுத்தெல்லாம் பூசணிக்கா சைஸ்ல, ஆனா வந்துருச்சு. எனக்கு கண்ணுல தண்ணியே வந்துருச்சு. அவன் மட்டும் சந்தோசப்படல, டிரைவர எடுத்துட்டு புதுசு போட்டுப் பாருங்கன்னான், போட்டேன், ரீஸ்டார்ட் பண்ணா மறுபடியும் பதினாலுல இருட்டு.

சரி அத்தை, வீட்டுல டிவி இருக்கான்னான். மறுநாள் சிபியுவ வீட்டுக்கு தூக்கிட்டுப் போயி, செட்டாப் பாக்ஸ்ல இருந்த எச்டிஎம்ஐ ஒயர கழட்டி கம்ப்யூட்டர்ல மாட்டி டிவிய ஆன் பண்ணோம். மாமியார் சீரியல் போச்சேன்னு முகத்த திருப்பிக்கிட்டாங்க. டிவில விண்டோஸ் ஜம்முனு வருது, முழு ரெசல்யூஷன்ல, ஒரு மணி நேரம் விட்டும் பாத்தாச்சு. மானிட்டர் நல்லாருக்குன்னு அந்தக் கடைப் பையனே காட்டிட்டான், பழைய கம்ப்யூட்டர்ல மாட்டியும் பாத்துட்டேன். மெஷின் நல்லாருக்குன்னு டிவி காட்டிருச்சு. மிச்சம் இருக்கறது நடுவுல அந்த சுண்டுவிரல் டப்பா.

அது ஏன் லோகோவுக்கு வேலை செஞ்சு விண்டோஸுக்கு செய்யலங்கிறதுதான் எனக்கு பெரிய கேள்வி. கணக்கு போட்டு காட்டுனான். 640-ஐ 480-ஆல பெருக்கி, ஒரு செகண்டுக்கு 60 தடவன்னு 60-ஆல பெருக்குங்க, செகண்டுக்கு 1 கோடியே 84 லட்சம் புள்ளி. 1920, 1080, 60-ன்னு பெருக்குங்க, 12 கோடியே 44 லட்சம் புள்ளி. கிட்டத்தட்ட ஏழு மடங்கு. கிழிஞ்ச ஹோஸ்ல குழாய லேசா திறந்தா தண்ணி செடிக்குப் போயிரும், முழுசா திறந்தாத்தான் பிச்சுக்கிட்டு அடிக்கும், அதே மாதிரி. இன்னொன்னும் சொன்னான். எச்டிஎம்ஐல வர்றது டிஜிட்டல், விஜிஏ அனலாக், ஒன்ன இன்னொன்னா மாத்த அந்த டப்பாக்குள்ள ஒரு சிப்பு வேலை செய்யுது, அதுக்கு கரண்டு வேணும். எச்டிஎம்ஐ போர்ட் குடுக்கிறது 5 வோல்ட், அதுவும் விதிப்படி கண்டிப்பா குடுத்தாகணும்னு இருக்கறது 55 மில்லி ஆம்ப்ஸ் மட்டும்தான், அது கொசு கடிச்ச மாதிரி. அதனாலதான் நல்ல கன்வெர்ட்டர்ல பக்கத்துல யூஎஸ்பி ஒயர் ஒன்னு தனியா கரண்டுக்கு வச்சிருப்பாங்க. என்னோடதுல அது இல்ல. ஓடிக்கிட்டு இருக்கும்போது கைய வச்சுப் பாத்தேன், இட்லித் தட்டு மாதிரி சூடு. போகி அன்னைக்கு டேபிள இழுத்ததுல விஜிஏ ஒயர் வெயிட்டுல டப்பா தொங்கியிருக்கு, வாய் லேசா வளைஞ்சும் இருந்துச்சு.

விஜிஏ ஒயரயும் கழட்டி ஊசிய பாத்தேன், பாக்கச் சொன்னான். பதினஞ்சு ஊசி இருக்கணும், என்னோடதுல பதினாலுதான் இருக்கு, பயந்துட்டேன். ஒன்பதாவது ஊசி நிறைய கேபிள்ல இருக்காதாம், அது பரவாயில்லையாம். முக்கியமானது பன்னெண்டும் பதினஞ்சும். மானிட்டருக்குள்ள 128 பைட்டுல அதோட ஜாதகம் இருக்கு, நான் இன்ன கம்பெனி, இன்ன சைஸ், எனக்கு இன்ன ரெசல்யூஷன்தான் ஒத்து வரும்னு. கம்ப்யூட்டர் அத வாங்கிப் பாத்துட்டுத்தான் படம் அனுப்பும், அந்த ஜாதகம் வர்ற வழிதான் இந்த ரெண்டு ஊசி. வளைஞ்சிருந்தா ஜாதகம் பாக்காம பண்ண கல்யாணம் மாதிரி ஆகிடும், மானிட்டருக்கு தாங்காத ரெசல்யூஷன கம்ப்யூட்டர் அனுப்பும், அப்ப நோ சிக்னல்னு வராம அவுட் ஆஃப் ரேஞ்ச்னு வர்றதும் உண்டு. என்னோடது நேராத்தான் இருந்துச்சு.

யூஎஸ்பி ஒயர் வச்ச கன்வெர்ட்டரா பாத்து 450 ரூபாக்கு வாங்குனேன். மாட்டுனேன். எண்ணுனேன். பதினாலு, பதினஞ்சு, பதினாறு, டெஸ்க்டாப்புல என் பேரன் போட்டோ. 7,500 எங்க, 450 எங்க.

இத கடைல வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்ல ஆரம்பிச்சேன், அப்புறம் பாத்தா ஊர்ல பாதிப் பேருக்கு இந்த வியாதி இருந்திருக்கு. எங்க தெருவுல ஒரு போட்டோ ஸ்டுடியோ தம்பி ஆல்பம் வேலைக்குன்னு 4கே மானிட்டர் வாங்கி, பழைய எச்டிஎம்ஐ ஒயரயே மாட்டியிருக்கான், லோகோ வருது விண்டோஸ்ல இருட்டு. மானிட்டர திருப்பிக் குடுக்கவே கிளம்பிட்டான். 4கே படம் 60 ஹெர்ட்ஸ்ல, அதாவது செகண்டுக்கு 60 தடவ, வேணும்னா எச்டிஎம்ஐ 2.0 வேணும், செகண்டுக்கு 18 ஜிகாபிட் போகுற ஒயர், பழைய 1.4-ல 4கே வந்தாலும் 30 ஹெர்ட்ஸ்தான். ஒயர மாத்துனான், சரியாப் போச்சு. இன்னொருத்தர் இஞ்சினியரிங் படிக்கிற பையனுக்கு கம்ப்யூட்டர் வாங்கிக் குடுத்தவரு, அந்த அண்ணாச்சி வீட்டுல லோகோ கூட வரல. பையன் கேபிள மதர்போர்டுல இருக்குற ஓட்டைல சொருகியிருக்கான், படம் காட்டுற கிராபிக்ஸ் கார்டு கீழ தனியா இருக்கு. அவங்க வாங்குன இன்டெல் பிராசஸர் 12400எஃப், கடைசில எஃப் போட்டிருந்தா அதுக்குள்ள கிராபிக்ஸ் கிடையாது, மதர்போர்டு ஓட்டைல எத்தன வருசம் சொருகி வச்சாலும் படம் வராது. கீழ மாத்திச் சொருகுனதுல முடிஞ்சு போச்சு. ரேம் கழண்டது, அத எடுத்து ரப்பர் வச்சு தங்கக் கலர் பல்ல தேய்ச்சு திரும்ப மாட்டுனா சரியாகுறது, இதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், அதுவும் லோகோ வராத வகைதான்.

எச்டிஎம்ஐ மாதிரியே இன்னொரு வகை ஓட்டை டிஸ்ப்ளே போர்ட், அது வச்சிருக்கவங்களுக்கு மட்டும் ஒன்னு சொல்லிடுறேன். என்விடியா கிராபிக்ஸ் கார்டுல 900, 1000 சீரிஸ் பழசு வச்சிருந்து, புது டிஸ்ப்ளே போர்ட் மானிட்டர் மாட்டுனா, லோகோ எதுவும் வராம நேரா விண்டோஸ்ல போயி படம் வர்றது, இல்ல ஆன் ஆகுறப்பவே அப்படியே நின்னுடுறது நடக்கும். அதுக்கு 2018-ல அந்த கம்பெனியே ஒரு ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளயே இருக்குற புரோகிராம்) அப்டேட் விட்டிருக்கு. செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்குறவங்க நம்மூர்ல ஜாஸ்தி, அதனால சொன்னேன்.

விஜிஏவ பத்தியும் ஒரு வார்த்தை. 1987-ல ஐபிஎம் கொண்டு வந்தது அது. 2010-லயே இன்டெல், ஏஎம்டி, சாம்சங், எல்ஜி எல்லாம் சேந்து இனி இத நிறுத்தப் போறோம்னு சொல்லிட்டாங்க. ஆனா எங்கள மாதிரி கடைங்க, ஸ்கூலுங்க, ரைஸ் மில்லு கணக்கப்பிள்ளை டேபிளு, இங்கெல்லாம் பத்து பதினஞ்சு வருசத்து மானிட்டர் இன்னும் நல்லாத்தான் ஓடுது. மெஷின் மட்டும் புதுசாகுது, மானிட்டர் அப்படியே இருக்கு, நடுவுல ஒரு டப்பா வந்து உக்காருது. அதனால இந்தக் கேள்வி உங்களுக்கு இன்னும் நிறைய வரும். விலை போட்ட பொருள் எதுன்னு பாத்து சந்தேகப்படுறோம், நடுவுல கிடக்குற ஒயர யாருமே பாக்குறதில்ல.

அதனால ஒரு வேண்டுகோள். அடுத்த வாரம் அதே இடத்துல அந்தப் பதிலுக்கு ஒரு திருத்தம் போடுங்க. ராஜபாளையத்துக்காரர் என்ன மானிட்டர், என்ன ஒயர்னு எழுதல, நீங்களும் கேக்கல. அவரு இன்னும் புதுசு வாங்கலன்னா முதல்ல ஆன் பண்ணி ஒன்னு ரெண்டு எண்ணச் சொல்லுங்க, இருட்டானதும் கேப்ஸ் லாக் அழுத்தச் சொல்லுங்க, அப்புறம் வீட்டு டிவில மாட்டிப் பாக்கச் சொல்லுங்க. வாங்கிட்டாருன்னா பழச எடைக்குப் போட வேண்டாம்னு சொல்லுங்க, எனக்கு கடைல மூனாவது கம்ப்யூட்டருக்கு ஒரு மானிட்டர் தேவைப்படுது, நல்ல விலைக்கே எடுத்துக்கிறேன்.

அந்த கழுகுமலைப் பொண்ணு அன்னைக்கே எதுத்த கடைல அப்ளிகேஷன் போட்டுருச்சு. ஹால் டிக்கெட் எடுக்க என்கிட்டத்தான் வந்துச்சு.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்கார அம்மா,
கோவில்பட்டி.